தடைக்காலம் முடிந்தும் போகாத உறவினர்: பைபர் படகுக் குடும்பத்தில் என்ன செய்வது?

நெய்தல்மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் வாழும் மீனவக் குடும்பம் எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கணவருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு இருக்கிறது. அவருடன் மூன்று பேர் தொழிலுக்குப் போகிறார்கள். நான் ஏலத்தில் மீன் எடுத்து நகரத்துத் தெருக்களில் விற்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த 325 சதுர அடி வீடு. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. அதில் ஐந்து பேர் சந்தோஷமாகத்தான் இருந்தோம். வலையில் சிக்கிய மீனைக் கழற்ற எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். அன்றைய பாடு (மீன் வரவு) எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று மகள் ஒரு நோட்டில் எழுதுவாள். கடன் இருந்தது. ஆனால் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் சண்டை வராததற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், குடும்பத்துடன் வந்தார். அவர் வேறு ஊரில், மனைவியின் ஊரில், விசைப்படகில் தொழில் செய்கிறவர். 61 நாளும் விசைப்படகு கரையில் நிற்கும், அவருக்கு வேலை இல்லை. எங்கள் பைபர் படகுக்குத் தடை கிடையாது, அதனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அண்ணன் தம்பி வீட்டுக்கு வருவதில் தவறில்லை என்று நானும் பாய் விரித்துக் கொடுத்தேன். ஜூன் 14 முடிந்தது. விசைப்படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. மூத்தார், அவர் மனைவியான என் ஓரகத்தி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், ஓரகத்தியின் தம்பி என ஐந்து பேரும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இட நெருக்கடியை நான் பெரிதாக நினைக்கவில்லை. வந்த இரண்டாவது வாரத்திலேயே மூத்தார் எங்கள் படகில் ஐந்தாவது ஆளாக ஏறினார், முழுப் பங்கு எடுக்கிறார். ஏலக்காரரிடம் பணம் வாங்குவதும் இப்போது அவர்தான். நோட்டு எழுதுவது நின்றுபோனது. "அண்ணனிடம் கணக்குக் கேட்பதா?" என்கிறார் கணவர். வீட்டுக் கறிக்கு மீன் எடுக்கும்போதே நல்ல மீனாகப் பார்த்து ஓரகத்தி எடுத்துவிடுகிறார், நான் விற்பதற்கு மிஞ்சுவது குறைகிறது. அவர் தம்பி குடித்துவிட்டு வந்து கூடத்தில் படுக்கிறான். மகள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள். வயது வந்த பெண் வீடு இருந்தும் வெளியில் உட்கார வேண்டியிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாமியாரிடம் சொன்னால் அழுகிறார். கணவரிடம் சொன்னால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

கரையோரம் எழுதியது:

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். ஒரு நாள் குறித்து, அதற்குள் கிளம்பச் சொல்லுங்கள். கணவர் பேசாவிட்டால் நீங்களே பேசுங்கள்.

சந்தைக்கூடை எழுதியது:

தங்கச்சி, நானும் மீன் கூடை சுமக்கிறவள்தான். ஆளைக் கிளப்புவதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஏலக்காரரிடம் நீயே நேரில் போ. இந்தப் படகின் பணத்தை இனி என் கையிலோ என் வீட்டுக்காரர் கையிலோ மட்டும் கொடுங்கள் என்று சொல். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மீன் விற்கிற பெண்ணை ஏலக்காரருக்கு நன்றாகத் தெரியும், நீ சொன்னால் கேட்பார். அப்படியே உங்கள் படகின் பேரில் முன்பணம் ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் கேட்டுவிடு. இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

வாடைக்காற்று எழுதியது:

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டுமரத்தில் தொழில் செய்தவன். கரையோரம் சொன்ன பழமொழி விருந்தாளிக்குப் பொருந்தும். கூடப்பிறந்தவன் விருந்தாளி கிடையாது, அவனுக்கு நாள் குறிக்க முடியாது.

கடற்கரை ஊர்களில் வீடுகள் ஏன் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன என்பதை இளையவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். போனவன் திரும்புவான் என்று எந்த வீட்டிலும் உறுதி கிடையாது. இன்று அவன் பிள்ளைக்கு நான் சோறு போடாவிட்டால் நாளை என் பிள்ளைக்கு யார் போடுவார்கள்? ஒரு படகு காணாமல் போனால் மற்ற எல்லாப் படகுகளும் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போகின்றன. டீசல் காசை யாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு என் வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்தன. ஒருவரையும் நான் போகச் சொல்லவில்லை.

அதே சமயம் அந்த மூன்று குடும்பமும் சும்மா உட்காரவில்லை. ஆண்கள் வலை தைத்தார்கள், பெண்கள் கருவாடு போட்டார்கள். கரைவலை இழுக்கக் கயிற்றைப் பிடித்தவனுக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் ஊர் நடைமுறை. கயிற்றைப் பிடிக்காதவனுக்குப் பங்கு இல்லை என்பதும் அதே நடைமுறைதான்.

மகளே, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் மூத்தார் இப்போது எந்த ஊருக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறார்? இதைக் கேட்டுச் சொல். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கரையோரம் எழுதியது:

ஐயா, வரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வாடைக்காற்று எழுதியது:

தொடர்பு இருக்கிறது, தம்பி. எங்கள் பக்கத்து மீனவ ஊர்களில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் ஊருக்கு வரி கொடுப்பான். அவனுக்குச் சண்டை, சாவு, கடன் எது வந்தாலும் ஊர் அவனுக்காகப் பேசும். சுனாமி நிவாரணப் பொருட்களைக்கூடப் பல ஊர்களில் தலைக்கட்டுக் கணக்குப் பார்த்துத்தான் பிரித்தார்கள். வரி கொடுப்பதை நிறுத்திய ஆளுக்கு ஊர் இல்லை. ஊர் இல்லாதவன் ஏதாவது ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்வான். இந்த மனிதர் வேலை தொடங்கிய பிறகும் திரும்பிப் போகவில்லை என்றால், அங்கே போக முடியாத காரணம் ஒன்று இருக்க வேண்டும். சோம்பேறி ஐந்தாவது ஆளாகப் படகில் ஏற மாட்டான்.

ஆறுபங்கு எழுதியது:

நான் கடலூர்ப் பக்கம். எனக்கும் பைபர் படகுதான். எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அக்கா எழுதியதில் எனக்குப் பயம் தந்தது ஐந்தாவது ஆள் முழுப் பங்கு எடுக்கிறார் என்ற வரிதான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பங்கு முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். எங்கள் படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகு படகுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு.

செலவு போக 6,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆள் என்றால் மொத்தம் ஆறு பங்கு, பங்குக்கு 1,000. உங்கள் வீட்டுக்குப் படகு, வலை, கணவர் என மூன்று பங்கு, 3,000. ஐந்தாவது ஆள் ஏறினால் ஏழு பங்கு, பங்குக்கு 857. உங்கள் மூன்று பங்கு 2,571 ஆகிவிடுகிறது. மூத்தார் தன் 857ஐயும் வீட்டிலேயே கொடுத்தால் வீட்டுக்கு 3,428 வரும். கேட்பதற்கு லாபம்போல இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் 428 எங்கிருந்து வந்தது? கூட வரும் மூன்று பேரிடமிருந்து, ஆளுக்கு 143 வீதம். ஓர் ஆள் கூடியதால் வலையில் மீன் கூடிவிடாது. உங்கள் மூத்தார் குடும்பத்துக்கு அவர்கள் மூவரும் ஒவ்வொரு நாளும் சோறு போடுகிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் உங்கள் கணவரிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் காலையில் வேறு படகில் ஏறிவிடுவார்கள். இப்போது நல்ல ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஐந்து பேர் கூடியதைவிட இது பெரிய ஆபத்து. கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "உன் அண்ணன் என் வீட்டைக் கெடுக்கிறார்" என்றால் அவருக்குக் கோபம் வரும். "உன் படகில் ஆள் நிற்க மாட்டார்கள்" என்றால் உட்கார்ந்து கேட்பார்.

நெய்தல்மகள் எழுதியது:

ஆறுபங்கு தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. எங்களோடு ஆறு வருடமாக வந்த பையன் ஒருவன் சென்ற வாரம் முதல் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். அவன் வேறு படகில் போகிறான் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சந்தைக்கூடை அக்கா சொன்னபடி ஏலக்காரரிடமும் போனேன். எங்கள் படகின் பேரில் மூத்தார் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். என் கணவருக்கே தெரியாது.

சந்தைக்கூடை எழுதியது:

பயந்தது நடந்துவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வங்கிக் கடனுக்கு அசலையும் வட்டியையும் கட்டினால் போதும். ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ வாங்கும் முன்பணத்துக்குப் படகையே கட்டிப்போடுகிறோம். அதை அடைக்கும்வரை மீனை அவர்களிடம்தான் போட வேண்டும். பக்கத்தில் ஒருவர் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்க முடியாது. அவர்களுக்கான கழிவும் (கமிஷன்) ஒவ்வொரு நாளும் போகும். நல்ல பாடு வரும் நாளில்தான் இந்த இழப்பு அதிகம். 30,000 என்பது சிறிய தொகைதான், ஆனால் அது உங்கள் படகின் கழுத்தில் விழுந்த கயிறு.

தங்கச்சி, அந்தப் பணம் எங்கே போனது என்று கண்டுபிடி. சத்தம் போடாமல் ஓரகத்தியிடம் கேள். ஆண்கள் சொல்ல மாட்டார்கள்.

சட்டவழி எழுதியது:

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் முன் ஒரு தாளைப் பார்க்க வேண்டும். வீடு யார் பெயரில் இருக்கிறது? சுனாமி மறுவாழ்வு வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு அரசாணை சொன்னது. உங்கள் இருவர் பெயரில் இருந்தால் மூத்தார் உங்கள் அனுமதியின் பேரில் தங்கியிருப்பவர் மட்டுமே. எத்தனை ஆண்டு தங்கினாலும் அந்த அனுமதி உரிமையாக மாறாது. நீங்கள் அதை எழுத்தில் திரும்பப் பெறலாம். மாமனார், மாமியார் பெயரில் இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு.

நெய்தல்மகள் எழுதியது:

மாமனார், மாமியார் பெயரில்தான் இருக்கிறது. சுனாமி வந்தபோது எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை. மாமனார் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். பிள்ளைகள் இந்த இருவர்தான். பெண் பிள்ளை கிடையாது. நாங்கள் இந்துக்கள்.

சட்டவழி எழுதியது:

அப்படியானால் கசப்பாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். வீட்டில் பாதி மாமியாருடையது. மாமனாரின் மறுபாதி 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியாருக்கும் இரண்டு மகன்களுக்கும் சமமாகப் பிரியும். ஆக மாமியாருக்கு ஆறில் நான்கு பாகம், உங்கள் கணவருக்கு ஒரு பாகம், மூத்தாருக்கு ஒரு பாகம். அவரை அந்நியர் என்று வெளியேற்ற உங்களால் முடியாது. அவர் சாமான்களைத் தெருவில் வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

படகு கணவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தால், அவரே வாங்கியதாக இருந்தால், அதில் அண்ணனுக்கு எந்த உரிமையும் இல்லை. படகின் பதிவுச் சான்று, மானிய டீசல் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் உங்கள் கையில் எடுத்து வையுங்கள். வீட்டுக்குப் பின்புறம் அவர்கள் கொட்டகை போட ஆரம்பித்தால் அன்றே மாமியாரை வைத்து நிறுத்துங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பிரச்சினையில் முடிவெடுக்கக்கூடியவர் உங்கள் மாமியார். பெரும்பாகம் அவருடையது. அவரை அழவிட்டுவிட்டு மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

முத்துநகர் எழுதியது:

இந்த இழையைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கரையோரம் எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் ஒரு காலத்தில் இப்படி வந்து தங்கிய குடும்பம். சுனாமியில் அப்பாவின் படகும் வலையும் போய்விட்டன. நாகைப் பக்கத்திலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. அத்தை ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. ஆனால் சோறு பரிமாறும்போது கரண்டி எங்கள் தட்டுக்கு மேல் ஒரு கணம் நிற்கும். அது பிள்ளைகளுக்குத் தெரியும். என் தங்கை இரண்டாவது முறை சோறு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அம்மா பகல் முழுவதும் வேலை செய்தார். செய்யும் எல்லா வேலையும் அத்தைக்குத் தொந்தரவாகவே இருந்தது, ஏனென்றால் அது அவருடைய சமையலறை. அம்மா மீன் அலசினால் அத்தை அதை மறுபடி அலசுவார்.

நெய்தல்மகள் அக்கா, உங்கள் மகள் திண்ணையில் படிக்கிறாள் என்று எழுதினீர்கள், படித்தபோது வேதனையாக இருந்தது. அந்த வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது எந்தப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று நீங்களும் எழுதவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதே. நான் ஒரு வருடம் பள்ளிக்குப் போகாமல் நின்றவன். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பழைய ஊருக்குப் போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. அங்கே கடன்காரர்கள் இருந்தார்கள்.

எங்களுக்கு விடிவு வந்தது எப்படித் தெரியுமா? மாமா ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டு, "உனக்கு எவ்வளவு கடன்? மறைக்காமல் சொல்" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை. சொன்ன பிறகு அடுத்த மாதமே நாங்கள் தனி வீடு பார்த்தோம்.

சந்தைக்கூடை எழுதியது:

தம்பி, நீ எழுதியது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. உன் அப்பா யார் படகின் பேரிலும் முன்பணம் வாங்கவில்லை. உன் அம்மா ஓடாக உழைத்தார். இங்கே தெரியாமல் பணம் வாங்கியிருக்கிறார்கள், குடிகாரத் தம்பியையும் கூட்டிவந்திருக்கிறார்கள். கஷ்டப்பட்டவர் என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

முத்துநகர் எழுதியது:

பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை அக்கா. கேட்கச் சொல்கிறேன். அந்தக் குடிகாரத் தம்பியை உடனே அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீடு.

தென்முனை எழுதியது:

கன்னியாகுமரி மேற்குக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், போனால் பல நாட்கள் வர மாட்டார்கள். அதனால் பணமும் சீட்டும் கடனும் வீட்டில் பெண்கள் கையில்தான். "கணவர் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார்" என்று அக்கா எழுதியதைப் படித்ததும், அவர் போகட்டும், நீங்கள் பேசுங்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூத்தாரிடம் நேராகப் பேசுவது உங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை என்றால் மாமியாரை முன்னால் வைத்துப் பேசுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. நிவாரணப் பணம் வரும் என்று செய்தி வந்ததும் அதுவரை எட்டிப் பார்க்காத உறவினர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். என் சித்தி வீட்டிலும் அப்படித்தான். சித்தி அழுதுகொண்டிருந்தார், அவர்கள் வங்கிப் புத்தகத்தைத் தேடினார்கள். சட்டவழி சொன்ன மூன்று தாள்களையும் இன்றே எடுத்து வையுங்கள். 8,000 ரூபாய்த் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று என்று வருவதால், உங்கள் குடும்ப அட்டையில் யாராவது பெயர் சேர்க்கச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அவர்களுக்குத் தனி அட்டை இருக்கட்டும்.

நெய்தல்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சந்தைக்கூடை அக்கா சொன்னபடி ஓரகத்தியிடம் தனியாகக் கேட்டேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தோம். முதலில் மறுத்தார், பிறகு எல்லாம் சொன்னார். மூத்தார் விசைப்படகு முதலாளியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். பெரிய பையனின் அறுவை சிகிச்சைக்கு வாங்கிய பணம். அதை அடைக்காமல் வேறு விசைப்படகில் ஏற முடியாது. அந்த முதலாளியிடமே போனால் பங்கில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறார், வீட்டுக்கு மிஞ்சுவதில்லை. அதனால் போகாமல் நின்றுவிட்டார். நம் படகின் பேரில் வாங்கிய 30,000த்தை அந்தக் கடனுக்குத்தான் அனுப்பியிருக்கிறார். இன்னும் 30,000 பாக்கி.

வாடைக்காற்று ஐயா கேட்டதற்குப் பதில்: இரண்டு வருடமாக எந்த ஊருக்கும் வரி கொடுக்கவில்லை. மனைவியின் ஊரில் ஒரு தகராறு, அதில் ஊர் அவருக்கு எதிராகப் பேசியது, கோபத்தில் நிறுத்திவிட்டார். இங்கேயும் பெயர் கொடுக்கவில்லை. முதலாளியிடம் தவணை கேட்டுப் பேச அவருக்கு ஊர் இல்லை. நீங்கள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது.

பையனுக்கு அறுவை சிகிச்சை நடந்ததே எங்களுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் பணம் கேட்க வந்ததாக நினைப்பீர்கள்" என்றார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகவில்லை, முத்துநகர் தம்பி. மாற்றுச் சான்றிதழ் அந்த ஊரில்தான் இருக்கிறது.

வாடைக்காற்று எழுதியது:

இனி இது உங்கள் வீட்டுப் பிரச்சினை இல்லை, ஊர்ப் பிரச்சினை. மாமியாரை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போ. அண்ணன் பெயரை இங்கே தலைக்கட்டாகப் பதிந்துகொள்ளச் சொல். பழைய வரி பாக்கி, அபராதம் ஏதாவது சொல்வார்கள், கட்டட்டும். பிறகு உங்கள் ஊர்க்காரர்கள் போய் அந்த முதலாளியிடம் தவணை பேசட்டும். ஒரு கூலிக்காரன் தனியாகக் கேட்பதும் ஓர் ஊர் கேட்பதும் ஒன்றல்ல. தலைக்கட்டு ஆகிவிட்டால் அவருக்குத் தனி உலை வேண்டும். ஒரு கூரைக்குள் இரண்டு தலைக்கட்டுக்கு ஒரே உலை எரியக் கூடாது. இதை உன் மாமியார் வாயால் சொல்ல வேண்டும், நீ சொல்லாதே.

ஆறுபங்கு எழுதியது:

ஐயா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை மூத்தாருக்குப் பங்கு வேண்டாம். படகுப் பங்கிலிருந்து உங்கள் கணவர் அவருக்கு நாள்கூலி கொடுக்கட்டும். அண்ணனுக்குச் செய்வது தம்பியின் கடமை, கூட வருகிறவர்களின் கடமை இல்லை. இதை அவர்கள் எதிரிலும் சொல்ல வேண்டும்.

நெய்தல்மகள் எழுதியது:

நடந்ததை எழுதுகிறேன்.

கணவரிடம் ஆறுபங்கு தம்பி போட்ட ஏழு பங்குக் கணக்கைத்தான் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்கள் படகை விட்டுப் போன பையனின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவன் திரும்பி வர மறுத்துவிட்டான். புதிய படகில் சேர்ந்து அவனும் முன்பணம் வாங்கிவிட்டான். அது எங்களுக்குப் பெரிய இழப்பு.

மாமியார் இவ்வளவு உறுதியாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மகன்களையும் உட்காரவைத்து, "இந்த வீடு என் தலை சாயும்வரை இருவருக்கும்தான். ஆனால் ஒரு சமையலறையில் இரண்டு மருமகள்களை நான் வைக்க மாட்டேன். பெரியவன் வேறு வீட்டில் உலை வைக்கட்டும். என் பாகத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம்" என்றார். ஓரகத்தியின் தம்பியை மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

பஞ்சாயத்தார் மூத்தாரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் போய் முதலாளியிடம் பேசினார்கள். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய் வரும்போதும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று முடிவானது. மூத்தார் அதே விசைப்படகுக்குப் போய்விட்டார். எங்கள் படகின் பேரில் வாங்கிய 30,000த்தில் பாதியை அவர் சிறிது சிறிதாகத் தர வேண்டும், மீதிப் பாதியை என் கணவர் ஏற்றுக்கொண்டார். எனக்கு அதில் முழு மனம் இல்லை. ஆனால் பையனின் உடம்புக்குப் போன பணம் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகை வீடு பார்த்திருக்கிறோம். ஓரகத்தி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் கணவரின் கடனை நான் ஊர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்ற கோபம் அவருக்கு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முத்துநகர் எழுதியது:

பிள்ளைகளின் படிப்பு?

நெய்தல்மகள் எழுதியது:

மாற்றுச் சான்றிதழ் வாங்கிவர மாமியாரும் என் கணவரும் போனார்கள். இருவரையும் இங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. சின்னவன் என் மகனோடு ஒன்றாகப் போகிறான். பெரியவன் மாலையில் என் மகளிடம் கணக்குப் பாடம் கேட்க வருகிறான். நானும் அவனை எதிர்பார்க்கிறேன்.

ஆறுபங்கு தம்பி, படகில் இப்போது கணவரோடு இருவர்தான். வலைத் தொழில் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், முழுப் பங்கு. உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள்.